காகக் கூட்டில் வளரும் குயில்

மதுரையில் சித்திரைத் திருவிழா நெருங்கும் நாட்களில், தெப்பக்குளத்தைச் சுற்றியும் வைகைக் கரையோரத் தெருக்களிலும் எஞ்சி நிற்கும் வேப்ப மரங்களிலிருந்து விடியுமுன்னரே எழுந்து, உச்சி வெயிலிலும் ஓயாமல் ஒலிக்கும் குயிலோசையைக் கேட்டு மகிழாதவர் இல்லை. ஆயினும் அந்த ஓசைக்கு ஆதாரமாய் நிற்கும் பட்சி எது என்று சிந்தித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அமாவாசையன்று அழைத்துச் சோறிட்டு, மறுநாள் வற்றல் காயும் மொட்டை மாடியிலிருந்து நாம் விரட்டியடிக்கிற காகந்தான் அது.

கழுத்தில் சாம்பல் பூத்த வீட்டுக் காகம் நம் சமவெளியில் பெரும்பாலும் சித்திரையில் சுள்ளி பொறுக்கத் தொடங்குகிறது. நகரத்துக் காகமாயின், கட்டடம் எழும்பும் இடத்தில் சிதறிக் கிடக்கும் கட்டுக்கம்பித் துண்டுகளையும் சுள்ளியோடு சேர்த்துப் பின்னிவிடுகிறது. அதே பருவத்தில்தான் குயிலும் முட்டையிடப் பக்குவமடைகிறது. கரிய மேனியும் சிவந்த விழியுமுடைய ஆண்குயில் கூட்டருகே வந்து கூவித் தன்னை வெளிப்படையாகக் காட்டிக்கொள்ள, அதைக் கண்டு சினந்த காகங்கள் துரத்திக்கொண்டு பறக்க, அந்த இடைவேளையில் புள்ளிகள் நிறைந்த பழுப்பு நிறப் பேடு இலைமறைவிலிருந்து ஓசையின்றி வந்து தன் முட்டையை இட்டுச் செல்கிறது. நிறத்தில் காக முட்டையை ஒத்திருக்கும் அம்முட்டை, அளவில் சிறிது குறைந்தது. காகக் குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே பொரிந்துவிடுவதால், தாய்க்காகம் கொண்டுவரும் இரையில் முதற்பங்கு அதிலிருந்து வந்த குஞ்சுக்கே கிடைக்கிறது. குயிற்குஞ்சு காகக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து தள்ளிக் கொன்றுவிடும் என்று பலர் நம்புகின்றனர். அது ஐரோப்பாவின் குக்கூப் பறவைக்குரிய சுபாவம். நம் குயிலின் குஞ்சு பெரும்பாலும் காகக் குஞ்சுகளோடு ஒரே கூட்டில் வளர்வதே.

ஆனி மாதத்து முற்பகல் ஒன்றில், வண்டியூர்க் கண்மாய்க் கரையில் ஒரு புங்க மரத்தின் கீழ் நின்று இதைப் பிரத்தியட்சமாகக் கண்டேன். கூட்டைவிட்டு வெளிவந்திருந்த குயிற்குஞ்சு ஒன்று தாழ்ந்த கிளையில் அமர்ந்து, சிறகுகளை நடுக்கி, காகக் குஞ்சின் குரலை ஒத்த குரலில் இறைஞ்சிக்கொண்டிருந்தது. காகம் தொண்டைப் பையில் அடக்கிக் கொணர்ந்த சோற்றை அதன் வாய்க்குள் தன் அலகு முழுதும் மறையும்படி நுழைத்து ஊட்டியது. ஊட்டி முடித்த மறுகணம், அடுத்த மரத்தில் ஓர் ஆண்குயில் கூவக் கேட்டதும், அதே காகம் சீறியெழுந்து அதைத் துரத்திச் சென்றது! வளர்க்கும் பிள்ளையும் விரட்டும் பகைவனும் ஒரே குலம் என்பதை அது அறியவில்லை. சற்றுத் தள்ளிச் சேற்றில் கிடந்த எருமையின் தலைமேல் இன்னொரு காகம் அமர்ந்து உண்ணி பொறுக்க, எருமை தலையைச் சாய்த்துக் காதைக் காட்டிக்கொண்டிருந்தது.

காகத்தை அடக்கும் வீரர்களும் உண்டு. உருவில் காகத்தின் பாதிகூட இல்லாத கரிச்சான், தன் கூடிருக்கும் மரத்தை அணுகும் காகத்தை முதுகில் கொத்தி வெகுதூரம் துரத்திவிடும். அந்தப் பாதுகாப்பை நாடியே மாங்குயிலும் புறாவும் கொண்டைக்குருவியும் கரிச்சான் வசிக்கும் மரத்தில் கூடு வைக்கின்றன. வல்லூறு வந்திறங்கினால் அதை முதலில் கண்டு ஊரைக் கூட்டுவது காகம். அந்தக் கூச்சல் கேட்டே அணிற்பிள்ளைகள் பொந்துக்குள் ஒளிகின்றன. பகலில் கூகையைச் சூழ்ந்து அது வதைப்பதை நன்கு அவதானித்திருந்தமையால்தான், வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறளுக்கே அக்காட்சியை எடுத்துக்கொண்டார்.

காகத்தின்மேல் சாட்டப்படும் குற்றம் பொய்யன்று. சிட்டுக்குருவியின் கூட்டைக் கலைக்கிறது. கண்மாயின் கருவேல மரங்களில் மடையானும் வக்காவும் கூடு வைத்திருக்கையில், மனிதர் அருகே சென்று தாய்ப்பறவைகளை எழுப்பிவிட்டால், அந்தச் சில நிமிடங்களுக்குள் முட்டைகளைக் கவர்ந்துவிடுகிறது. ஆனால் அதன் தொகையை இவ்வளவு விருத்தி செய்தவர் யார்? சந்தைகளைச் சுற்றிலும் திறந்து கிடக்கும் எச்சில் இலையும் இறைச்சிக் கழிவும், மாநகரின் குப்பை சென்று குவியும் வெள்ளக்கல்லும் அல்லவா அதற்குச் சோறிடுகின்றன! சான்சிபார் தீவுக்கு 1890-களில் கழிவைத் தின்று ஊரைத் துப்புரவாக்கட்டும் என்றே இந்தியக் காகம் கொண்டுசெல்லப்பட்டது. நம் குயில் இல்லாத அந்தக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் அது பெருகிப் பரவி, அங்குள்ள சிறு பறவைகளை நாசமாக்கியதன் பலனாக, கென்யா 2024-இல் 10 லட்சம் காகங்களை அழிக்கும் திட்டத்தை அறிவித்தது. கொலையால் இதைச் சரிசெய்ய முனைவதைவிட, குப்பையை மூடிவைப்பதும், காகத்தின் சந்ததியில் ஒரு பங்கைக் குறைக்கும் குயிலுக்கு இடம் கொடுப்பதும் எத்தனையோ எளிது என்பது என் திடமான அபிப்பிராயம்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காகத்தை எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்த்துத் தீங்குயிர்களின் ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது; 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. ஆனால் கூட்டுக்குள் முட்டை இருக்கும்போதே கிளையை வெட்டிச் சாய்க்கும் வழக்கத்தைச் சட்டம் மட்டும் நிறுத்திவிடாது. நாற்கரச் சாலைகளுக்காகப் பழைய நிழல்மரங்கள் போனபின், உயரமாய் எஞ்சியிருப்பவை தெருவோர வேம்பும் புங்கமும் தூங்குமூஞ்சியுமே. மின்கம்பிக்கு இடையூறு என்று அவற்றையும் கோடையின் நடுவில், கூடுகள் நிறைந்திருக்கும் நாட்களில் கழிக்கிறார்கள்.

கழிக்க வேண்டிய கிளைகளை மாசி முடிவதற்குள் கழித்துவிட்டு, சித்திரை முதல் ஆடி வரை அவசியமின்றி மரங்களைத் தொடுவதில்லை என்று மாநகராட்சி முடிவு செய்ய வேண்டும். உங்கள் தெருமரத்தில் காகக் கூடு ஒன்று தெரிந்தால், ஆடி கழியும்வரை அந்த மரத்தில் அரிவாள் படவேண்டாம் என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.