அடுப்பு இல்லாத நான்கு நாள்

கல்யாணம் ஆகி இருபது வருடம் ஆன மனைவி, காலை ஐந்து மணிக்கு எழுந்து என்ன செய்கிறாள்?

பால் காய்ச்சுகிறாள். காபி போடுகிறாள். இட்லிக் கொப்பரையை ஏற்றுகிறாள். பிள்ளைகளை எழுப்புகிறாள். கணவனின் சட்டையைத் தேடிக் கொடுக்கிறாள்.

அதே மனைவியை மாலத்தீவில் ஒரு கடற்கரை விடுதிக்கு அழைத்துப் போனால்?

அங்கேயும் ஐந்து மணிக்கே விழித்துக் கொள்வாள். பழக்கம் லேசில் விடுமா? ஆனால் அங்கே அடுப்பு இல்லை. பால்காரன் வரமாட்டான். கதவைத் திறந்தால் வெள்ளை மணல். அதற்கு அப்பால் பச்சையும் நீலமுமாகக் கடல். முதல் நாள் கை பரபரக்கும். படுக்கையை மடிக்கப் போவாள். டம்ளரைக் கழுவப் போவாள். இரண்டாம் நாள் சும்மா உட்காருவாள். மூன்றாம் நாள்தான், சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் உட்காருவாள்.

(கணவன் என்ன செய்கிறான்? தூங்குகிறான். அந்தக் கலை அவனுக்கு வீட்டிலேயே கைவந்தது!)

"தீவுக்குப் போய் ஓய்வா? அது பணக்காரர் வேலை" என்கிறார்கள் சிலர். "அதெல்லாம் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் போகிற இடம்" என்கிறார்கள் வேறு சிலர்.

இரண்டும் சரியல்ல. புதுமணத் தம்பதிக்கு எந்த ஊரும் இன்பமான ஊர்தான். மொட்டை மாடி போதும். ஓய்வு தேவைப்படுவது பத்து வருடம், இருபது வருடம் குடித்தனம் நடத்திக் களைத்தவர்களுக்கு. ஒரே வீட்டில் இருந்தும், மளிகைக் கணக்கையும் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் தவிர வேறு பேச்சு இல்லாமல் போனவர்களுக்கு.

குரும்பையும் குரும்பாவும்

திருவனந்தபுரத்தில் இருந்து தென்மேற்கே சுமார் 600 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது மாலத்தீவின் தலைநகர் மாலே. அந்த நாட்டில் ஏறக்குறைய 1,200 தீவுகள் உண்டு. மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. எல்லாம் பவளத்தீவுகள். மலை இல்லை. ஆறு இல்லை. தரை பெரும்பாலும் கடல் மட்டத்தில் இருந்து ஓர் ஆள் உயரம்கூட இல்லை!

1960-ம் ஆண்டுகளில் அங்கே வந்து பார்த்த ஐ.நா. நிபுணர்கள், "இந்த நாட்டுக்குச் சுற்றுலாத் தொழில் சரிப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். 1972 பிப்ரவரியில் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியர் ஒரு சிறு கூட்டத்தை அழைத்து வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் முதல் விடுதி திறக்கப்பட்டது. மொத்தம் 30 அறைகள். பவளக் கல்லால் சுவர். தென்னங்கீற்றால் கூரை.

அதன் பெயர் குரும்பா. அந்நாட்டுத் திவேகி மொழியில் குரும்பா என்றால் இளநீர்க்காய். தமிழில் குரும்பை என்றால் பிஞ்சுத் தேங்காய். கடல் தாண்டியும் சொல் மாறவில்லை, பாருங்கள்!

நிபுணர்கள் சொன்னது என்ன ஆயிற்று? 2024-ம் ஆண்டில் மட்டும் 20 லட்சம் பேர் மாலத்தீவுக்கு வந்து போனார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு தீவுக்கு ஒரு விடுதி. அந்தத் தீவில் வேறு வீடு இல்லை, கடை இல்லை. விமான நிலையத்தில் இருந்து படகில் போகவேண்டும். தொலைவில் உள்ள தீவுக்குக் கடல் விமானம். தண்ணீரில் ஓடி எழும்பி, தண்ணீரிலேயே இறங்கும் சிறிய விமானம் அது. பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். மாலையில் போய் இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ பக்கத்திலோ தங்கத்தான் வேண்டும். இது தெரியாமல் பயணம் கட்டுகிறவர்கள் ஓர் இரவையும் அதற்கான பணத்தையும் இழக்கிறார்கள்.

விலை கேட்டால் தலை சுற்றும். கடலுக்கு மேல் கம்பம் நட்டுக் கட்டிய அறைக்கு ஓர் இரவு வாடகை, நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாத வருமானத்தை விழுங்கிவிடும். ஆகாரத்துக்கும் படகுக்கும் பல இடங்களில் தனிக் கணக்கு. கடன் வாங்கி அங்கே போய்ப் படுத்தால் தூக்கம் வருமா?

வேறு வழி உண்டு. 2010-ம் ஆண்டு வாக்கில் சட்டம் தளர்ந்தது. மக்கள் வாழும் தீவுகளிலும் அந்த ஊர்க்காரர்களே சிறு விடுதிகள் நடத்தலாம் என்று ஆயிற்று. மாலேக்குத் தெற்கே சுமார் 27 கிலோ மீட்டரில் உள்ள மாஃபுஷி தீவு அப்படித்தான் பெயர் பெற்றது. கடலும் மணலும் அதேதான். வாடகை பல மடங்கு குறைவு. சாதாரணக் குடும்பம் நாடவேண்டியது இந்த ஊர்களைத்தான்.

ஊர் என்றால் ஊர் வழக்கமும் உண்டு. அது முஸ்லிம் நாடு. மக்கள் வாழும் தீவில் மது கிடையாது. வெளிநாட்டார் அரைகுறை உடையில் குளிப்பதற்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். தெருவில் கணவன் மனைவியே ஆனாலும் கொஞ்சிக் குலாவக் கூடாது. சேலை கட்டிய பெண்ணுக்கு இதில் என்ன சிரமம்?

மீன் செய்த மணல்

அந்த மணல் ஏன் அவ்வளவு வெள்ளை? அது மலையில் இருந்து வந்த மணல் அல்ல. பவளத்தின் பொடி. அதில் பெரும் பங்கைச் செய்து தருவது கிளிமீன். கிளி மூக்கு போன்ற பல்லால் பவளப் பாறையைச் சுரண்டி, பாசியைத் தின்கிறது. கூடவே உள்ளே போன பவளத்தை அரைத்து மணலாக வெளியே தள்ளுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். மனைவி கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அந்தக் கரை, மீனின் எச்சம்! சொன்னால் சிரிப்பாள்.

அந்தப் பவளத்துக்கும் இப்போது ஆபத்து. கடல் சூடாகிவிட்டதால் 1998-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்தன, ஏராளமாக மடிந்தன. பவளம் போனால் அலையைத் தடுக்கச் சுவர் இல்லை. மணலும் வராது. ஆகவே கடலில் இறங்குகிறவர்கள் பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது. பார்த்தால் கல் போல இருக்கும். ஆனால் உயிர் உள்ளது.

தண்ணீரும் அப்படித்தான். பல தீவுகளில் குழாயில் வருவது கடல்நீரை உப்பு நீக்கிய தண்ணீர். 2014 டிசம்பரில் மாலேயில் அந்த நிலையம் தீப்பிடித்தது. ஒரு லட்சம் பேர் குடிநீருக்குத் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. தினம் இரண்டு துண்டு, மூன்று துண்டு என்று சலவைக்குப் போடுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

படுக்கை விரிப்பவன்

இன்னொருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பதி கடலுக்குப் போன நேரத்தில் அறையைப் பெருக்கி, படுக்கையை விரித்துவிட்டுப் போகிறானே, அவன் யார்? பக்கத்துத் தீவுக்காரனாக இருப்பான். வங்காள தேசத்தானாகவோ, இலங்கைக்காரனாகவோ, கேரளத்தானாகவோ இருப்பான். தனித்தீவு விடுதியில் வேலை செய்கிறவன் அந்தத் தீவிலேயே தங்கவேண்டும். விடுப்பு கிடைத்தால்தான் மனைவி முகம் பார்க்கலாம். ஒரு தம்பதி சேர்ந்து இருப்பதற்காக, இன்னொரு தம்பதி பிரிந்து இருக்கிறது!

அதற்காகப் போகாமல் இருக்கவேண்டியதில்லை. விருந்தாளி வரவில்லை என்றால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் ஜூலை வரை, நாட்டையே மூடிவைத்தபோது அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஊரைக் கேட்கலாம். கிளம்பும் அன்று அவன் கையில் ஏதாவது கொடுக்கலாம்.

போகிற கணவன் ஒன்றை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகட்டும். ஆபீஸ். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு மணலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறவனுக்குத் தீவு எதற்கு? அவன் மனைவி அங்கேயும் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள்.

எப்போது போகலாம்? ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். கூட்டமும் வாடகையும் அதிகம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. வாடகை குறையும். மழை வந்தால்தான் என்ன? துணி காயப்போட்டிருக்கிறதே என்று ஓடவேண்டிய கவலை அங்கே இல்லை.

பிள்ளைகள்? நான்கு நாள் பாட்டி பார்த்துக்கொள்வாள். அவளுக்கு என்று ஒரு பொட்டலம் மாசி வாங்கி வரலாம். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்துப் பாட்டியாக இருந்தால் மணம் பிடித்தே சொல்லிவிடுவாள், மாலத்தீவுச் சரக்கு என்று. பவளத்துண்டு மட்டும் வேண்டாம். பேத்தி ஆசையாகக் கேட்டாலும் வேண்டாம். விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்துப் பிடுங்கிக் கொள்வார்கள்.