வெளிச்சம் யாருக்கு? பழைய மண்டபங்களும் புதிய கூரைகளும்

பழைய மண்டபமொன்று திருத்தியமைக்கப்படும்போது முதலில் எழும் கோரிக்கை வெளிச்சம் வேண்டும் என்பதாகும். கோரிக்கை நியாயமானது. பண்டகசாலையாகவோ, ஆலையாகவோ, படமாளிகையாகவோ இருந்த அகன்ற கட்டடமொன்று வாசிகசாலையாகவோ காட்சிக்கூடமாகவோ மாறுமாயின், அதன் நடுப்பகுதிக்குப் பக்கச் சுவர் யன்னல்களால் ஒளியூட்ட முடியாது. கூரையைத் திறந்தேயாக வேண்டும். ஆனால் இந்நியாயமான கோரிக்கைக்கு வழக்கமாக அளிக்கப்படும் விடை நியாயமானதன்று. கூரையில் சில வரிசைகளை அகற்றிவிட்டு அவ்விடத்தில் ஊடுகாட்டும் தகடுகளைப் பொருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்ததென்று கருதப்படுகின்றது. எவ்வளவு ஒளி வருகின்றது என்று கேட்கப்படுகின்றது. அது எங்கே விழுகின்றது, யாருடைய கண்ணில் விழுகின்றது, அதனுடன் சேர்ந்து எவ்வளவு வெப்பம் வருகின்றது என்று கேட்கப்படுவதில்லை.

ஒளியைப் பரவச் செய்யும் பொருளைத் தெரிவு செய்வது அலங்காரம் பற்றிய விடயமன்று. விலைப்பட்டியலோடு முடிந்துவிடும் விடயமுமன்று. அது மண்டபத்தினுள் பல மணி நேரம் இருந்து உழைப்பவரின் கண்ணையும் உடலையும் பற்றிய விடயமாகும். அக்கண்ணிலிருந்து தொடங்காத தெரிவு, எத்துணை விலையுயர்ந்த பொருளைக் கொண்டதாயினும், பிழையான தெரிவே.

இதற்கு அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரிலுள்ள அஸ்ரோடோம் அரங்கு தக்க சான்று. 1965ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்வரங்கு, கூரையிடப்பட்ட விளையாட்டரங்குகளுள் அக்காலத்தின் அதிசயமாகப் போற்றப்பட்டது. அதன் குவிமாடத்தில் 4,596 ஒளிகசியும் பிளாஸ்ரிக் பலகங்கள் பொருத்தப்பட்டிருந்தன. தரையில் இயற்கைப் புல் வளர வேண்டும். அதற்குச் சூரிய ஒளி வேண்டும் என்பதே நோக்கம். புல்லைப் பற்றிச் சிந்தித்தவர்கள் பந்தைப் பிடிப்பவனைப் பற்றிப் போதிய அளவு சிந்திக்கவில்லை. பகல் ஆட்டத்தில் உயர எழும் பந்தை நோக்கி அண்ணாந்து பார்த்த ஆட்டக்காரனுக்கு, ஒளிரும் பலகங்களுக்கும் கரிய உருக்குச் சட்டங்களுக்கும் இடையே பந்து மறைந்து போயிற்று. அதே ஆண்டில் பலகங்களுக்கு வர்ணம் பூசி ஒளியைக் குறைத்தனர். புல் செத்தது. 1966இல் செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. மேலே பார்க்கும் ஒரு மனிதனின் கண்ணை மறந்ததன் விலை, ஓர் அரங்கின் முழுக் கூரையும் அதன் முழுத் தரையும் ஆகும்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அஸ்ரோடோமின் பலகங்கள் வெறும் கண்ணாடியல்ல. அவை ஒளிகசியும் பொருளாலானவை. அப்படியிருந்தும் கண் கூசிற்று. ‘ஊடுகாட்டும் தகட்டுக்குப் பதிலாகப் பால்வெள்ளைத் தகட்டைப் போட்டால் போதும்’ என்று கூறுவோரின் வாதம் இங்கேயே தகர்ந்துவிடுகின்றது. ஒளிகசியும் தகடு கதிர்களைச் சிதறச் செய்கின்றது என்பது உண்மை. ஆனால் நேர்வெயில் அதன்மீது விழும்போது தகடே ஒரு பெரும் விளக்காகிவிடுகின்றது. இருண்ட கூரையின் நடுவே அவ்விளக்கு பார்வைக்கு நேரே நின்றால், கண்மணி அதற்கேற்பச் சுருங்கும். அதன் கீழுள்ள புத்தகப் பக்கம் போதிய ஒளியிருந்தும் மங்கித் தோன்றும். ஒளியின் அளவு மட்டுமன்றி, ஒரே பார்வைப் புலத்துள் அமையும் ஒளி வேறுபாடும் கண்ணைத் துன்புறுத்துகின்றது.

அளவு பற்றியும் சிறிது கூற வேண்டும். தெளிந்த வானமுள்ள நண்பகலில் வெட்டவெளியில் விழும் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். வாசிப்பதற்கு வேண்டியது 300 முதல் 500 லக்ஸ் வரையே. கூரைப் பரப்பில் இருபதில் ஒரு பங்கை மட்டும் திறந்து, அதில் விழும் ஒளியில் பாதியே உள்ளே வருவதாகக் கொண்டாலும், தரையின் சராசரி 2,500 லக்ஸை எட்டும். சுவர்களும் தளபாடங்களும் விழுங்குவதைக் கழித்த பின்னும் அது தேவைக்கு மேற்பட்டதே. அவ்வாறாயின் கூரையின் பாதியை ஊடுகாட்டும் தகட்டால் மூடுவதன் பொருள் என்ன? வேண்டாத ஒளியை உள்ளே அழைப்பது; அதனை வெப்பமாக மாற்றி வாசகனின் தலைமேல் இறக்குவது; பின்னர் அவ்வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டிக்கு மின்கட்டணம் செலுத்துவது. இதற்கு நவீனம் என்று பெயரிடப்படுகின்றது.

நவீனத்தின் தாயகமென்று கருதப்படும் இங்கிலாந்திலேயே இவ்வுண்மை தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தது. 1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பூங்காவில் யோசேப் பக்ஸ்ரன் எழுப்பிய பளிங்கு மாளிகையில் ஏறக்குறைய மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகள் இருந்தன. ஆனால் அதன் கூரைக்கு வெளிப்புறத்தே துணி விரிக்கப்பட்டிருந்தது. வெயிலையும் கண்கூச்சத்தையும் தணிப்பதற்கு இலண்டனின் மெலிந்த வெயிலிலேயே துணி தேவைப்பட்டது! அம்மாளிகையின் கண்ணாடியை உலகம் பின்பற்றியது, துணியை மறந்துவிட்டது. பந்தலின் உட்புறத்தே வெள்ளைத் துணியால் மேற்கட்டி கட்டும் வழக்கமுடைய ஒரு சமூகத்துக்கு இத்துணியின் பயனை விளக்க வேண்டிய அவசியமில்லை. கிடுகின் இடுக்கால் வரும் கூரிய கதிர் அத்துணியில் பட்டுப் பரந்து மென்மையாவதைக் கண்டவர்கள், அதே நுட்பத்தைச் சீமெந்து மண்டபத்தில் மறந்துவிடுவதே வியப்புக்குரியது.

இரவல் வாங்கிய மற்றொரு விதியும் ஆராயப்பட வேண்டும். வாள்பல் வடிவக் கூரையமைத்து, அதன் நிலைக்குத்தான முகங்களை வடக்கே திருப்பிக் கண்ணாடியிட்டால் நேர்வெயில் வராது என்பது ஆலைக் கட்டடக் கலையின் பழைய பாடம். லங்காசயர் ஆலைகளுக்கு அது பொருந்தும். அங்கே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். யாழ்ப்பாணமோ வட அகலக்கோடு ஏறக்குறைய 9 பாகை 40 கலையில் உள்ளது. ஏப்பிரல் நடுப்பகுதியில் சூரியன் அதன் உச்சியைக் கடந்து வடக்கே செல்கின்றது. ஓகஸ்ட் இறுதியிலேதான் திரும்புகின்றது. யூன் மாதத்தில் நண்பகற் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 14 பாகை சாய்ந்து நிற்கும். நான்கு மாதங்களுக்கு மேலாக வடக்கு முகமே வெயில் முகமாகின்றது. நான்கடி உயரமான கண்ணாடிக்கு மேலே ஓரடி நீண்ட கூரை விளிம்பு இருந்தால் நண்பகல் வெயிலைத் தடுக்கலாம். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் கதிர்களுக்கு நிலைக்குத்தான தடுப்புகளும் வேண்டும். இவற்றைக் கணிப்பதற்குப் பாடசாலைப் புவியியல் போதும். பாடநூலிலுள்ள விதியை அகலக்கோடு பார்க்காமற் பிரதி செய்வது அறிவியலன்று.

இனிப் பொருள்களை நோக்கலாம். கண்ணாடியிழைத் தகடு மலிவானது, ஒளியைப் பரப்புவது. ஆனால் வெயிலில் மஞ்சளிக்கும். மேற்பரப்பு அரிபட்டு இழைகள் வெளித்தோன்றும். பின்னர் தூசும் பாசியும் பற்றிக்கொள்ளும். பொலிகாபனேற்று உறுதியானது, புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுப்பது. ஆயினும் காப்புப் பூச்சின்றேல் அதுவும் மஞ்சளிக்கும். இரட்டைச் சுவர்த் தகட்டின் முனைகளைச் சரிவர மூடாவிட்டால் உட்குழல்களில் நீரும் பாசியும் சேரும். அக்கிரிலிக் நெடுங்காலம் தெளிவு குன்றாதது, ஆனால் எரிவது. 1973 ஓகஸ்ட் 2ஆம் திகதி மான் தீவின் சமர்லன்ட் பொழுதுபோக்கு நிலையம் தீப்பற்றியபோது 50 பேர் மாண்டனர். அக்கட்டடத்தின் சுவரிலும் கூரையிலும் பெரும்பகுதி அக்கிரிலிக் தகடுகளாலானது. பூட்டியிருந்த கதவுகளும் ஏனைய சுவர்ப்பொருள்களும் அழிவில் பங்குகொண்டன என்பதையும் மறைத்தலாகாது. 1976 மே 20ஆம் திகதி மொன்றியலில், 1967ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கென பக்மின்ஸ்ரர் புல்லர் அமைத்த கோளக் கட்டடத்தில் திருத்தவேலை நடந்துகொண்டிருந்தபோதே தீ மூண்டது. அக்கிரிலிக் உறை எரிந்தொழிந்தது. உருக்குச் சட்டகம் மட்டும் எஞ்சிற்று. நூற்றுக்கணக்கானோர் கூடும் இடத்தின் கூரைக்குத் தகடு தெரிபவர், அது எவ்வாறு எரியும் என்று கேட்காமல் அதன் நிறத்தைப் பற்றிக் கேட்பது பொறுப்பற்ற செயலாகும்.

கண்ணாடி எரியாது, ஆயின் பாரமானது, பழைய மரக்கூரை அதனைத் தாங்குமா என்பது முதற் கேள்வி. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியை உள்ளே விடுவதால் நூல்களின் தாளும் மையும் கெடும். 2000ஆம் ஆண்டு பிரித்தானிய நூதனசாலையின் பெருமுற்றத்துக்கு 3,312 கண்ணாடித் துண்டுகளாலான கூரை இடப்பட்டபோது, வெயிலைக் குறைப்பதற்காக அக்கண்ணாடிகளில் சிறு புள்ளிகள் பதிக்கப்பட்டன. அங்கும் வெறும் கண்ணாடி போதுமென விடப்படவில்லை.

எனில் எப்பொருளைத் தெரிவது? பரப்பும் பொருளைத் துவாரத்தில் மட்டும் தேடுவதே தவறு. ஒளி முதலிற் சென்று படும் மேற்பரப்பே மிகச் சிறந்த பரப்பி. டெக்சாசிலுள்ள கிம்பெல் கலைக்கூடம் 1972இல் திறக்கப்பட்டது. அது புதுக்கட்டடமாயினும் அதன் பாடம் பழைய கட்டடங்களுக்கும் உரியது. லூயி கான் வளைகூரையின் உச்சியில் ஒடுங்கிய நெடும்பிளவு ஒன்றையே விட்டார். அதன் கீழே துளையிட்ட அலுமினியத் தெறிப்பி தொங்குகின்றது. அது ஒளியை மேல்நோக்கித் திருப்பிக் கொங்கிறீற்று வளைவின்மீது பரப்புகின்றது. பார்வையாளர் சூரியனைக் காண்பதில்லை. ஒளிரும் கூரையையே காண்கின்றனர். இதற்கு அலுமினியந்தான் வேண்டுமென்பதில்லை. சிறிய துவாரம், அதன் கீழே நேர்க்கதிரை மறிக்கும் வெள்ளைப் பலகை அல்லது இழுத்துக் கட்டிய துணி, சுற்றிலும் பளபளப்பற்ற வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய கூரைச்சரிவும் சுவரும் ஆகிய மூன்றும் போதும். புதிதாய்ப் பூசிய சுண்ணாம்பு தன்மீது படும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்களவைத் தெறிக்கச் செய்யும், எத்திசையிலும் பரப்பும், எரியாது, ஆண்டுதோறும் ஒரு தூரிகையாற் புதுப்பிக்கலாம். துணியையும் பலகையையும் எரிபண்பு நோக்கித் தெரிவதும், கழற்றிக் கழுவக்கூடியவாறு அமைப்பதும் அவசியம்.

இதற்கு இரு மறுப்புகள் கூறப்படும். முதலாவது, மின்விளக்கு இருக்கையில் இவ்வளவு பாடு எதற்கு என்பது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுல்செய்யப்பட்டதை மறந்தவர்களே இவ்வாறு கேட்க முடியும். கூரைக்கு மேலே வெயில் கொளுத்த, கீழே மாணவன் மெழுகுதிரியைத் தேட வேண்டிய மண்டபம் ஒரு சமூகத்தின் சிந்தனை வறுமைக்கே நினைவுச்சின்னமாகும். இரண்டாவது, பணமில்லை என்பது. பணம் இல்லாமைதான் சிறு துவாரத்துக்கும் சுண்ணாம்புக்கும் சார்பான வலிய வாதம். பெருந்தகடு வாங்கி, வெக்கை தாளாது திரை வாங்கி, திரையால் இருள விளக்கேற்றி, அதன்பின் குளிரூட்டி பூட்டும் மண்டபமே ஏழைநாட்டின் பணத்தை நாற்புறமும் விரயஞ் செய்கின்றது.

உண்மையில் இது பணத்தைக் காட்டிலும் அதிகாரம் பற்றிய கேள்வி. திறப்பு விழாவன்று பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்து மகிழ்வோரின் விருப்பப்படி கூரை அமைகின்றது. காலை எட்டு முதல் மாலை வரை அதன் கீழே குனிந்திருக்கும் மாணவரிடமும் நூலக ஊழியரிடமும் துப்புரவுத் தொழிலாளியிடமும் எவரும் கேட்பதில்லை. அவர்களிடம் கேட்பதற்கு வழி எளிது. முழுக் கூரையிலும் கை வைக்குமுன் மண்டபத்தின் ஒரு கூறில் மட்டும் உத்தேசப் பொருளைப் பொருத்த வேண்டும். அதன் கீழே ஒரு மேசையும் நாற்காலியும் இட வேண்டும். வெயில் நாளொன்றின் நண்பகலிலும் மழை நாளொன்றின் மாலையிலும் அம்மேசையில் ஒருவர் இரண்டு மணி நேரம் இருந்து வாசிக்க வேண்டும். தகட்டுக்கு ஒப்பமிடும் அதிகாரியே முதல் வாசகராக அந்நாற்காலியில் அமர்தல் விரும்பத்தக்கது. அங்கிருந்து அவரால் வாசிக்க முடியாதாயின், அத்தகட்டை வாங்கும் கடதாசியில் அவர் ஒப்பமிடலாகாது.