இன்சுலின் மீது விழும் பழி

அருப்புக்கோட்டைத் தறிக்கூடங்களிலும் திருச்சுழி, நரிக்குடி வட்டார மானாவாரிக் கிராமங்களிலும் சர்க்கரை நோயைப் பற்றிப் பேச்செழுந்தால், "ஊசிக்குப் போயிட்டா அதோட முடிஞ்சது" என்ற தீர்ப்பு எவராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளிக்கு இன்சுலின் ஏற்ற மருத்துவர் முற்படும்போது உறவினர் தயங்குவது இந்தத் தீர்ப்பினால்தான். இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று, ஏனெனில் அது கண்ணால் கண்டதிலிருந்து பிறந்தது. சீமைக் கருவேல முள் மரத்துப்போன காலில் ஏறுகிறது. வலி தெரியாததால் புண் கவனிப்பாரற்றுச் சீழ் பிடித்து, கிருமி இரத்தத்தில் கலந்து, பிதற்றலும் மூச்சிரைப்பும் கண்ட பிறகே நோயாளி அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லப்படுகிறார். இன்சுலின் அவருக்கு அறிமுகமாவது அந்தக் கடைசிக் கட்டத்தில். அவர் பிழைக்காமல் போனால், ஆண்டுக்கணக்கில் வளர்ந்த நோய் மறக்கப்பட்டு, இரண்டு நாளுக்கு முன் ஏறிய மருந்து குற்றவாளியாகிறது.

இந்தத் தீர்ப்புக்குத் துணையாகச் சொல்லப்படும் காரணங்களுள் மிகவும் ஆபத்தானது, சாப்பாடே இறங்காதவருக்கு இன்சுலின் எதற்கு என்பது. இரத்தச் சர்க்கரை உணவிலிருந்து மட்டும் வருவதன்று. கடும் தொற்றோ காயமோ நேர்ந்தால் உடல் கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்களை மிகுதியாகச் சுரக்கிறது. அவை கல்லீரலைத் தூண்டி, சேமிப்பில் உள்ள சர்க்கரையை வெளியேற்றுவதோடு புதிதாகவும் உண்டாக்க வைக்கின்றன. அதே நேரத்தில் தசைகள் இன்சுலினுக்கு இணங்க மறுக்கின்றன. இதனையே மருத்துவர்கள் இன்சுலின் எதிர்ப்பு என்பர். எனவே மூன்று நாள் பட்டினி கிடந்தவரின் சர்க்கரை 400 மில்லிகிராமைத் தாண்டுவதில் வியப்பில்லை. இன்சுலின் அறவே போதாதபோது உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்களைக் குவிக்கிறது. கீட்டோஅசிடோசிஸ் எனப்படும் இந்நிலைக்கு நீரேற்றமும் இன்சுலினுமே மருந்து. வேறு மாற்று இல்லை. சர்க்கரை ஓரளவு இறங்கிய பின்னும் இன்சுலினை நிறுத்தாமல், குளுக்கோஸ் பாட்டிலைச் சேர்த்து ஏற்றுவார்கள். ஒரு கையில் குளுக்கோஸும் மறு கையில் இன்சுலினும் ஏறுவதைப் பார்க்கும் உறவினருக்கு அது முரணாகத் தோன்றலாம், ஆனால் அங்கே அடக்க வேண்டியது அமிலத்தையே.

வழக்கமான மாத்திரையையே கரைத்துக் குழாய் வழியே கொடுக்கலாமே என்ற வாதமும் நிற்பதில்லை. சிறுநீரகம் தளர்ந்து இரத்த அழுத்தம் வீழ்ந்தவருக்கு மெட்ஃபார்மின் லாக்டிக் அமிலத் தேக்கத்தைக் கொண்டுவரக்கூடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாதபோதே கீட்டோஅசிடோசிஸை உண்டாக்கக்கூடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை சிறுநீரகம் பழுதடைந்தவரின் உடலில் தங்கி மணிக்கணக்கில் சர்க்கரையை வீழ்த்திக்கொண்டே இருக்கும். நரம்பு வழியே செல்லும் இன்சுலினோ இரத்தத்தில் சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. கட்டுக்கடங்காதது என்று அஞ்சப்படும் ஊசிதான், உண்மையில், கூட்டவும் குறைக்கவும் உடனே நிறுத்தவும் எளிதானது. அதிர்ச்சி நிலையில் தோலுக்கு இரத்தவோட்டம் குன்றுவதால், தோலுக்கடியில் போடும் ஊசி எப்போது எவ்வளவு உறிஞ்சப்படும் என்று கணிக்க முடியாது. ஆகவே 50 மில்லி சலைனில் 50 யூனிட் சாதா இன்சுலினைக் கலந்து, சிரிஞ்சு பம்பு வழியே ஒரு மில்லிக்கு ஒரு யூனிட் என்ற கணக்கில் செலுத்துவது வழக்கம்.

ஒருமுறை தொடங்கினால் ஆயுளுக்கும் விடாது என்பதற்குப் பதில் சுருக்கமானது. தொற்று அடங்கியதும் எதிர்ப்பும் தணிவதால், இரண்டாம் வகை நோயாளிகள் பலர் மாத்திரைக்குத் திரும்புகின்றனர். கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி மிக உயர்ந்திருந்தவர்களும் முதல் வகை நோயாளிகளுமே தொடர வேண்டியிருக்கிறது, அதுவும் பழக்கத்தினாலன்று, கணையத்தில் போதிய சுரப்பு எஞ்சாததனால். இன்சுலின் சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுக்கும் என்ற கூற்றை, 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வான யுகேபிடிஎஸ் தலைகீழாக்கியது: சல்ஃபோனைல்யூரியா மாத்திரையாலோ இன்சுலினாலோ சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் சிறு இரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 25 விழுக்காடு குறைந்தன.

ஆயினும் அந்தக் கிராமத்து அச்சத்தில் உண்மை ஓரிடத்தில் உண்டு, அதை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் கண்டது. 2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1,548 அறுவைசிகிச்சை நோயாளிகளிடம், சர்க்கரையை 80 முதல் 110க்குள் நெருக்கிப் பிடித்தபோது தீவிரப் பிரிவில் இறப்பு 8 விழுக்காட்டிலிருந்து 4.6 ஆகக் குறைந்ததும், உலகெங்கும் மருத்துவமனைகள் அதைப் பின்பற்ற முனைந்தன. 2009இல் 6,104 பேரிடம் செய்த நைஸ்-சுகர் ஆய்வு அந்த ஆர்வத்தைத் தணித்தது: நெருக்கிப் பிடித்த பிரிவில் 90 நாள் இறப்பு 27.5 விழுக்காடு, 180 வரை விட்டுவைத்த பிரிவில் 24.9, கடுமையான தாழ்சர்க்கரை 6.8 விழுக்காட்டுக்கு எதிராக 0.5. மயக்க மருந்தில் கிடப்பவர் வியர்ப்பதையும் நடுங்குவதையும் சொல்ல மாட்டார் என்பதால், வீழ்ச்சியை அளவீடு மட்டுமே காட்டிக்கொடுக்கும். இன்று 180ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்கி 140 முதல் 180க்குள் வைப்பதே பொது நெறி. பல ஆண்டுகள் உயர்சர்க்கரைக்குப் பழகிய உடலுக்கு இதைவிடத் தளர்ந்த இலக்கு பொருந்துமா என்று பார்த்த லூசிட் ஆய்வில் (2022) தாழ்சர்க்கரை 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது, இறப்பு குறையவில்லை. "நார்மலுக்குக் கொண்டுவாங்க" என்று நெருக்கும் உறவினர், ஊசியே வேண்டாம் என்று மறுப்பவரைப் போலவே நோயாளிக்குக் கேடு செய்யக்கூடும்.

எனவே கேள்வி எழுப்ப விரும்பும் குடும்பத்தார் கேட்க வேண்டியவை வேறு. மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்க ஆள் இருக்கிறதா? பொட்டாசியம் அளவு பார்க்கப்பட்டதா? இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவதால், ஏற்கெனவே அது குறைந்திருந்தால் இதயத்துடிப்பு தடுமாறும். கைகால் வீங்கி இரத்த அழுத்தம் வீழ்ந்தவருக்கு விரல்நுனியில் குத்தி எடுத்த அளவை நம்பலாமா, நரம்பிலிருந்து எடுத்த இரத்தம் வேண்டுமா? வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குப்பி 40 யூனிட் வகையா, 100 யூனிட் வகையா, சிரிஞ்சு அதற்குரியதா? 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.