கணக்கைக் காட்டாமல் பேச்சுவார்த்தையா?

2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது திருநீர்மலை பேரூராட்சியும் அதில் இணைந்தது. ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. விடியும் முன் தெருக் கூட்டுகிறவர்கள் மட்டும் பெரும்பாலும் அதே சேரியில் இருந்துதான் வருகிறார்கள்.

ஒப்பந்த முறையில் வேலை நடக்கும் ஊர்களில் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் பேசப் போகிறது. அதிகாரியிடம் கோப்பு இருக்கிறது. சங்கத்திடம் மனு மட்டுமே. ஒரு தொழிலாளிக்காக ஒப்பந்ததாரருக்குப் போகும் தொகை எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு, வைப்பு நிதியில் சேர்வது எவ்வளவு? இது தெரியாமல் எதை வைத்துப் பேசுவது?

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் நடந்த போராட்டம் நினைவிருக்கும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனது. பணி நிரந்தரம் கேட்ட தொழிலாளர்கள், அதில் பெரும்பாலோர் தலித் பெண்கள், 13 நாள் நடைபாதையில் அமர்ந்தார்கள். நள்ளிரவில் கைது செய்து அகற்றினார்கள். கூலி குறையும் என்றது ஒரு தரப்பு; பாதிப்பு வராது என்றது மறு தரப்பு. ஒப்பந்தக் கணக்கு முதலிலேயே இருவர் முன்னும் இருந்திருந்தால் பாதிச் சண்டை மேசையிலேயே தீர்ந்திருக்கும்.

பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட சங்கம் கேட்டால் பேச்சுவார்த்தைக்குத் தேவையான தகவலைத் தருவது வேலையளிப்பவரின் கடமை. அரசுத் துறைகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. கூட்டுப் பேர உரிமை குறித்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 98, 151, 154-ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

ஆனால் நம் கை வெறுங்கை அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முடிவுகளின் விவரங்களை அரசு அலுவலகம் தானே வெளியிட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. ஒப்பந்த நகல், கூலி விகிதம், வைப்பு நிதி செலுத்திய விவரம் மூன்றையும் கேட்டு, 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போடலாம். சங்கத்தின் பெயரில் வேண்டாம், ஒரு தனி நபர் பெயரில் போடுங்கள். எதற்காக என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.

குப்பையை அள்ளு, கணக்கைக் கேட்காதே என்பது நிர்வாக நடைமுறை அல்ல, பழைய சாதி வழக்கம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்த மனுவை எழுதட்டும். பதில் வந்ததும் அம்மாவின் சம்பளச் சீட்டோடு சேர்த்து வைத்து, வீட்டில் உரக்கப் படிக்கட்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்குச் சங்கம் அந்தத் தாள்களோடு போகட்டும்.