தூக்கம் சந்தைச் சரக்கா?

மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தூங்கிக் கழிக்கிறான். இது வீணாகும் காலம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தையும் இயந்திரத்தோடு கட்டிப்போட்டால் இன்னும் எவ்வளவு லாபம் வரும் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. ஆனால் தூக்கம் கெட்டால் உடல் மட்டுமன்றி மனமும் கெடும் என்பதை இன்று விஞ்ஞானம் தெளிவாக நிலைநாட்டியிருக்கிறது.

இந்த உண்மையைத் தெரிந்துகொண்ட பின் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்யலாம். ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கும்படி வேலை நேரத்தைத் திருத்தி அமைக்கலாம். அல்லது, தூக்கத்தைப் பறித்துக்கொண்டு, அதைத் திரும்பத் தருவதாகச் சொல்லி ஒரு செல்போன் செயலியை விற்கலாம். இன்று உலகில் இரண்டாவது காரியமே மும்முரமாக நடக்கிறது. இதை நமது வாசகர்கள் நிதானமாக ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

1729-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி தே மைரான் ஒரு தொட்டாற்சுருங்கிச் செடியை இருட்டறைக்குள் வைத்தார். சூரியனையே பார்க்காத அந்தச் செடி, பகலில் இலைகளை விரித்தது, இரவில் மூடிக்கொண்டது. உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது முதல் சாட்சி. அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைப் பழ ஈயைக் கொண்டு கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த ஆராய்ச்சியில் நமது மதுரைக்கும் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களின் நாள் ஒழுங்கை ஆராய்ந்தார். சூரிய வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத தனியறை ஒன்றை அமைத்து, அதில் மனிதர்கள் மனமொப்பித் தங்கியிருந்தபோது அவர்களுடைய தூக்கமும் விழிப்பும் எப்படி அமைகின்றன என்றும் அவரது ஆய்வுக்கூடம் கவனித்தது. பொழுது தெரியாத அறையிலும் உடல் தன் கணக்கை விடுவதில்லை என்பதே இத்தகைய சோதனைகள் உலகெங்கும் காட்டிய முடிவு.

மூளையின் அடிப்பாகத்தில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இந்தக் கடிகாரத்தின் தலைமை நிலையம். காலை வெளிச்சம் கண் வழியாக வந்து தினமும் அதைச் சரிப்படுத்துகிறது. இருட்டியதும் மெலட்டோனின் என்ற சுரப்பு ஊறி, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்கு அறிவிக்கிறது. இரவில் பிரகாசமான விளக்கடியில் நிற்பவனுக்கு அந்தச் சுரப்பு குறைந்துவிடும். எஜமானின் உத்தரவு இந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது. ஷிப்டு அட்டவணையை அதனால் படிக்க முடியாது.

மனமும் தூக்கமும்

தூக்கமின்மை மனநோயின் அறிகுறி என்று மட்டுமே முன்பெல்லாம் டாக்டர்கள் கருதி வந்தார்கள். அது நோயை வரவழைக்கும் காரணங்களில் ஒன்றாகவும் இருக்கிறது என்பது இப்போது தெரிந்திருக்கிறது. நெடுநாள் தூக்கம் கெட்டவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஒரு சமயம் கட்டுக்கடங்காத எழுச்சியும் ஒரு சமயம் ஆழ்ந்த சோர்வுமாக மாறி மாறி வரும் இருதுருவ நோய் உள்ளவர்களுக்கு, ஓரிரு இரவுகள் தூக்கம் தவறினாலே எழுச்சி நிலை கிளம்பிவிடக் கூடும். ஆகவே எழுவது, உண்பது, உறங்குவது ஆகியவற்றைத் தினமும் ஒரே நேரத்தில் அமைத்துக்கொள்ளச் செய்வதையே ஒரு சிகிச்சையாக அமெரிக்காவில் எல்லன் பிராங்க் என்ற நிபுணரின் குழு வகுத்தது. இந்தச் சிகிச்சை நோய் மீண்டும் தாக்குவதைத் தள்ளிப்போட உதவுகிறது என்று 2005-ல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது.

பிரிட்டனில் 26 பல்கலைக் கழகங்களைச் சேர்ந்த 3,755 மாணவர்களிடம் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2017-ல் வெளியானது. தூக்கமின்றித் தவித்த அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தூக்கச் சிகிச்சை கொடுத்தார்கள். அவர்களுக்குத் தூக்கம் சீரானது. அதோடு, பிறர் தமக்குக் கேடு நினைக்கிறார்கள் என்ற வீண் சந்தேகமும், இல்லாத குரல் காதில் கேட்பதும் குறைந்தன. தூக்கத்தைத் திருத்தினால் மனமும் தெளிகிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா?

செயலி செய்வதும், செய்ய முடியாததும்

கருவியைக் கண்டு கோபிப்பவர்கள் அல்ல நாம். மேலே சொன்ன கம்ப்யூட்டர்ச் சிகிச்சை, தூக்க மாத்திரை இல்லாமலே பலரைக் குணப்படுத்துகிறது. பிரிட்டனின் பொது மருத்துவத் துறைக்கு வழிகாட்டும் நைஸ் ஸ்தாபனம், ஸ்லீப்பியோ என்ற இத்தகைய செயலியை 2022-ல் சிபாரிசு செய்தது. ஜெர்மனியில், பரிசீலனைக்குப் பின் பட்டியலில் சேர்த்த செயலிகளை டாக்டர் எழுதிக் கொடுத்தால், அதன் செலவை நோய்க் காப்பீட்டு நிதியே ஏற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2020-ல் அந்தப் பட்டியலில் முதன்முதல் சேர்ந்தவற்றில் தூக்கமின்மைக்கான செயலியும் ஒன்று. சோதித்துப் பார்த்து, செலவைச் சமூகம் ஏற்று, டாக்டரின் பார்வையில் கொடுப்பது நல்ல வழி.

ஆனால் இந்தச் சிகிச்சை நோயாளிக்கு இடும் முதல் கட்டளை என்ன? ‘தினமும் ஒரே நேரத்தில் எழுந்திரு’ என்பதுதான். பகலில் தூங்காதே, படுக்கையில் விழித்துக் கிடக்காதே, படுக்கும் நேரத்தை அளவாக வைத்துக்கொள் என்பவை மற்றக் கட்டளைகள்.

திண்டுக்கல்லிலோ கோயமுத்தூரிலோ பஞ்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் இந்தச் செயலியைக் கொடுத்துப் பாருங்கள். இந்த வாரம் அவளுக்குப் பகல் ஷிப்டு. அடுத்த வாரம் அரை நைட்டு. அதற்கடுத்த வாரம் முழு நைட்டு. தினமும் ஒரே நேரத்தில் அவள் எப்படி எழுந்திருப்பாள்? முழு நைட்டு முடிந்து காலையில் ஆலை வாசலைத் தாண்டும்போதே சூரியன் அவள் கண்ணில் அடித்து, விழித்துக்கொள் என்கிறது. வீடு ஒற்றை அறை. குழாயில் தண்ணீர் வரும் நேரம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். உலை வைக்க வேண்டும். தகரக் கூரையின் வெக்கையில் அவள் கண்ணயரும்போது பகல் பாதி போய்விட்டது. அன்று மாலை அவளுடைய செயலி, ‘உங்கள் தூக்க மதிப்பெண் குறைவு’ என்று காட்டும்! குற்றவாளி யார்? பறித்தவன் தப்பித்துக்கொள்ள, பறிகொடுத்தவளுக்கு மதிப்பெண் குறைவு!

ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் வார்டைக் காக்கும் நர்சுக்கும், அமெரிக்காவின் பகலுக்காகச் சென்னையில் இரவு விழித்திருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி வாலிபனுக்கும், ரயில் எஞ்சின் ஓட்டுநருக்கும், போலீஸ்காரருக்கும், அடுக்குமாடி வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரருக்கும் இதே கதிதான்.

வேறோர் ஆபத்தும் உண்டு. படுக்கும் நேரத்தைக் குறைக்கும் இந்தச் சிகிச்சை இருதுருவ நோயாளிக்குத் தீங்காக முடியலாம். லாரி ஓட்டுபவரும் இயந்திரத்தருகே நிற்பவரும் முதல் வாரங்களில் பகலில் கண் செருகி விபத்துக்குள்ளாகலாம். நோயாளியை நேரில் விசாரித்து, யாருக்கு எது பொருந்தும் என்று தீர்மானிக்க டாக்டர் வேண்டும். கையில் கட்டும் கடிகாரக் கருவிகளோ அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்துத் தூக்கத்தை ஊகிப்பவை. அந்த எண்களைப் பார்த்துப் பார்த்தே தூக்கத்தைப் பற்றிய கவலை முற்றி, தூக்கத்தைத் தொலைத்தவர்களைப் பற்றியும் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

முதலாளிகள் பலர் இன்று தொழிலாளருக்கு மனநலச் செயலிகளை இலவசமாக வழங்கி, கடமை முடிந்ததென்று கை கழுவுகிறார்கள். அதன் பலன் என்ன? பிரிட்டனில் 233 ஸ்தாபனங்களைச் சேர்ந்த 46,336 தொழிலாளரின் விவரங்களை ஆராய்ந்து, ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தின் வில்லியம் பிளெமிங் 2024-ல் கட்டுரை வெளியிட்டார். செயலி, மனப்பயிற்சி வகுப்பு முதலியவற்றில் கலந்துகொண்டவர்களின் மனநிலை, கலந்துகொள்ளாதவர்களைவிட மேம்படவில்லை என்பது அவர் கண்ட முடிவு. வேலையைத் திருத்தாமல் வேலை செய்பவனைத் திருத்தப் போனால் இதுதான் கிடைக்கும்.

லாபமும் ரகசியமும்

சந்தையை நம்பி மருத்துவத்தை விட்டால் என்ன நேரும்? அமெரிக்காவில் பேர் தெரப்யூட்டிக்ஸ் என்ற கம்பெனியின் தூக்கச் செயலிக்கு 2020-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அனுமதி தந்தது. 2023 ஏப்ரலில் கம்பெனி திவாலானது. அதன் செயலிகள் ஏலத்துக்குப் போயின. நோயாளிக்குப் பயன்பட்டால் போதாது. பங்குதாரருக்கும் பயன்பட வேண்டும் என்பது சந்தையின் சட்டம்.

அதே 2023-ல் இன்னொரு விவகாரம் வெளிவந்தது. பெட்டர்ஹெல்ப் என்ற மன ஆலோசனைக் கம்பெனி, ரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டு, தன்னிடம் வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் முதலிய கம்பெனிகளுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. 78 லட்சம் டாலர் கட்ட வேண்டுமென்று உத்தரவாயிற்று. ஒருவன் எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை முறை விழித்தான், எந்த நாளில் மனம் உடைந்தான் என்பதெல்லாம் அவனுடைய அந்தரங்கம். அது மேனேஜரின் மேஜைக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

நமது நாட்டின் நிலைமை

2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வெவ்வேறு மனநோய்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநோய் டாக்டர்கூட இந்த நாட்டில் இல்லை. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சர்க்கார் செலவில் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது, டாக்டர் எங்கே?

2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ திட்டத்தை நாம் வரவேற்கிறோம். 14416 என்ற எண்ணுக்குப் பேசினால், எந்த நேரத்திலும், தமிழிலும், கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். நமது வாசகர்கள் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, தேவைப்படுவோருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் டெலிபோனில் கேட்ட குரல் ‘ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று சொன்னால், போவதற்குத் தாலுகாவில் ஆஸ்பத்திரியும் அங்கே மனநோய் டாக்டரும் இருக்க வேண்டாமா?

தூக்கம் உரிமை என்பதை நாம் மட்டும் சொல்லவில்லை. டெல்லி ராம்லீலா மைதானத்தில் நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது போலீஸ் பாய்ந்த வழக்கில், தூக்கம் வாழும் உரிமையின் பகுதி என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டே கூறியிருக்கிறது.

நாம் கோருவது

இரவு வேலையை முற்றிலும் ஒழித்துவிட முடியாது. ஆஸ்பத்திரியும் ரயிலும் மின்சார நிலையமும் இரவிலும் இயங்கத்தான் வேண்டும். ஆனால் அதன் தீங்கைக் குறைக்க முடியும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் உப்புத் தாது ஆலை ஒன்றில், ஷிப்டு மாறும் திசையை உடற்கடிகாரத்துக்கு ஒத்தபடி, பகலிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து இரவுக்குமாகத் திருப்பினார்கள். வாரத்துக்கொரு முறை மாறியதை மூன்று வாரத்துக்கொரு முறையாக்கினார்கள். தொழிலாளரின் உடல்நலமும் திருப்தியும் கூடின. உற்பத்தியும் உயர்ந்தது என்று 1982-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அங்கே மாறியது மனிதனல்ல, அட்டவணை!

இரவு ஷிப்டு வேலை புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2007-ல் வகைப்படுத்தி, 2019-ல் அதை உறுதிப்படுத்தியது. இரவு வேலை பற்றிய சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 171-வது ஒப்பந்தம் 1990-லேயே தயாராகிவிட்டது. இரவு வேலை செய்வோர் கேட்டால் இலவச மருத்துவப் பரிசோதனை, உடல் ஒவ்வாதவர்களுக்கு இயன்றவரை அதே போன்ற பகல் வேலை, பிரசவ காலத்தில் பெண்களுக்கு மாற்று ஏற்பாடு ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. உடனே ஏற்க வேண்டும்.

ஷிப்டு அட்டவணையைத் தொழிற்சங்கத்தோடு கலந்தே வகுக்க வேண்டும். தொடர்ந்தாற்போல் இரண்டு இரவுகளுக்கு மேல் வேலை கூடாது என்ற எஞ்சின் ஓட்டுநர்களின் நெடுநாள் கோரிக்கையை ரயில்வே நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிதோறும் மனநோய் டாக்டரும் ஆலோசகரும் வேண்டும். சோதித்துத் தேர்ந்த தூக்கச் சிகிச்சைச் செயலி, சர்க்கார் செலவில், நல்ல தமிழில், டாக்டரின் மேற்பார்வையோடு கிடைக்க வேண்டும். அதில் சேரும் விவரம் எதுவும் முதலாளிக்கோ விளம்பரக்காரனுக்கோ போகக் கூடாதென்று கண்டிப்பான விதி வேண்டும்.

இவையெல்லாம் நடக்கக் கூடியவையா என்று சிலர் கேட்கலாம். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டசபையில், நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. அன்று காப்பாற்றப்பட்ட அந்த நான்கு மணி நேரத்தில் தொழிலாளியின் தூக்கமும் அடங்கியிருந்தது. எந்தச் செயலியும் அதைத் தந்திருக்க முடியாது.

ஆகவே தூக்கமின்றித் தவிக்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது இது: உங்கள் தவிப்பு உங்கள் மனத்தின் பலவீனமல்ல. வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். உதவும் கருவி எதுவானாலும் பயன்படுத்துங்கள். அதே சமயம், உங்கள் ஷிப்டு அட்டவணையை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரையும் அழைத்து வாருங்கள். அவரும் நேற்றிரவு தூங்கியிருக்க மாட்டார்.