வீடு மாற்றும் செலவில் ஒரு நாவல்

பணி மாற்ற ஆணை கைக்கு வந்ததும் எந்தக் குடும்பமும் முதலில் எழுதுவது ஒரு செலவுப் பட்டியலைத்தான். லாரி வாடகை, மூட்டை கட்டும் கூலி, புதிய வீட்டுக்கு முன்பணம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, எரிவாயு இணைப்பு மாற்றம் என்று அது நீளும். ஐந்து மாநிலங்களில் குடியிருந்த எங்கள் வீட்டில் அத்தகைய பட்டியல்கள் ஒரு பழைய நோட்டில் இன்றும் இருக்கின்றன. முதல் மூன்றில் காணப்படாத ஒரு வரி நான்காவதில் தொடங்குகிறது: 'அந்த ஊர் நாவல், ஒன்று.' பட்டியலிலேயே மிகச் சிறிய தொகை அதுதான். பயன் மிகுந்ததும் அதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எங்கள் மூன்றாவது ஊர் கொல்கத்தா. லேக் மார்க்கெட்டை அடுத்த ஒரு தெருவில் மாடி வீடு கிடைத்தது. பல தலைமுறைகளாகத் தமிழர் குடியிருக்கும் பகுதி அது. வாழையிலை, மல்லிகைச் சரம், பில்டர் காபித் தூள் எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைத்தன. அந்த வசதியே எங்களுக்குக் கெடுதலாயிற்று. முதல் இரண்டு ஆண்டுகளில் நாங்கள் தமிழர் வீடுகளுக்குப் போனோம், தமிழர் விழாக்களுக்குப் போனோம்; மற்ற நேரமெல்லாம் புழுக்கத்தையும் மழைநீர்த் தேக்கத்தையும் குறை கூறிக்கொண்டிருந்தோம். கீழ்த்தளத்தில் வசித்த வீட்டுக்காரப் பெரியவரோடு மாதம் ஒரு முறை வாடகையும் ரசீதும் கைமாறும். பேச்சு அத்துடன் முடியும். சாந்திநிகேதனுக்குச் சுற்றுலாவும் சென்று வந்தோம். நிழற்படங்கள் நிறைய எடுத்தோம். அவற்றில் நாங்கள் மட்டுமே இருக்கிறோம்.

பொங்கல் விடுமுறைக்குச் சென்னை வந்தபோது புத்தகக் காட்சியில் 'ஆரோக்கிய நிகேதனம்' கண்ணில் பட்டது. தாராசங்கர் பந்தோபாத்யாய 1953இல் வெளியிட்டு, 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற வங்க நாவல். தமிழாக்கம் த. நா. குமாரஸ்வாமி. நாடி பிடித்துப் பார்த்து மரணம் வரும் காலத்தைச் சொல்லிவிடும் ஜீவன் மஷாய் என்ற முதிய கிராம வைத்தியரின் கதை. நவீன மருத்துவம் கற்று ஊருக்கு வரும் இளம் டாக்டருக்கு அந்த முதியவரின் முறையே பிடிப்பதில்லை. தம் சொந்த மகனின் நாடியிலும் மரணத்தைக் கண்டு, அதை மறைக்காத மனிதர் ஜீவன் மஷாய். அந்தப் பக்கங்களைப் படித்த இரவு எங்கள் இருவருக்கும் சரியாக உறக்கம் வரவில்லை.

அந்தப் புத்தகத்தோடு மாடிப்படியில் அமர்ந்திருந்த ஒரு மாலையில் வீட்டுக்காரர் எதேச்சையாக, என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். பெயரைச் சொன்னோம். அவர் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. தமிழ் எழுத்துகள் நிறைந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, "இதில் ஜீவன் மொஷாய் என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்றார். காட்டினோம். உள்ளே போய் ஒரு கல்வத்தை எடுத்துவந்து எங்கள் முன் வைத்தார். அவருடைய தாத்தாவும் கவிராஜ் வைத்தியர். பிரிவினையின்போது கிழக்கு வங்கத்து வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்த குடும்பம் கையோடு எடுத்துவந்தவற்றுள் மிஞ்சியது அந்தக் கல்வம் ஒன்றுதான். இரண்டு ஆண்டுகளாக நாங்கள் ஏறி இறங்கிய படிக்கட்டின் கீழே அது இருந்திருக்கிறது. அன்று முதல் அவர் எங்களுக்கு 'மெஷோமொஷாய்' ஆனார். நம் வழக்கில் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளலாம். வாடகை ரசீதோடு பொரியும் தேநீரும் வரத் தொடங்கின.

பிறகு பீர்பூம் மாவட்டத்துக்கு மறுபடியும் போனோம். தாராசங்கர் பிறந்த லாப்பூர் அங்கேதான் இருக்கிறது. சாந்திநிகேதனும் அதே மாவட்டம். முதல் பயணத்தில் செருப்பை அழுக்காக்குகிறதே என்று சலித்துக்கொண்ட செம்மண்ணை இம்முறை நின்று பார்த்தோம்.

இந்த இன்பம் தமிழ் வாசகருக்கு எளிதில் எட்டும் தொலைவில் இருக்கிறது என்பதையே வலியுறுத்த விரும்புகிறோம். 1954இல் தொடங்கப்பட்ட சாகித்திய அகாதெமியும், 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டும் இந்திய மொழி நாவல்களைத் தமிழில் தந்துள்ளன. ஆலப்புழைக் கடற்கரைக்கு மாற்றலாகிறவருக்குத் தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் தமிழில் இருக்கிறது. கர்நாடகக் கடலோரத்துக்குப் போகிறவருக்குச் சிவராம காரந்தின் 'மண்ணும் மனிதரும்'. லக்னோவுக்குப் போகிறவர் குர்அதுல்ஐன் ஹைதரின் 'அக்னி நதி'யைச் சௌரியின் மொழிபெயர்ப்பில் படிக்கலாம். பிரிவினைக்கு முந்திய கிழக்கு வங்கத்தை அறிய அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' உண்டு; சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்த்தது. நம் தாய் தந்தையர் காலத்தில் இது புதுமையே அன்று. கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் தமிழில் காண்டேகரைப் படித்தவர்கள், அவர் மராத்தியர் என்பதையே மறந்துவிடும் அளவுக்கு அவரைத் தம் வீட்டு எழுத்தாளராக வைத்திருந்தார்கள்.

கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தால் ஊர் தெரிந்துவிடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எந்தக் கடையில் மிஷ்டி தோய் நன்றாக இருக்கும் என்பது தெரியும். அதை நாங்களும் பார்க்கிறோம். கீழ்வீட்டுப் பெரியவர் ஒரு பெயரைக் கேட்டதும் ஏன் குரல் தழுதழுக்கிறார் என்பது அதில் தெரியாது. மொழிபெயர்ப்பு நடை கரடுமுரடாக இருக்கிறது என்ற குறையில் ஓரளவு நியாயம் உண்டு. சில நூல்களில் முதல் முப்பது பக்கங்கள் பொறுமையைச் சோதிக்கும். உறவுமுறைப் பெயர்கள் குழப்பும். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். தேடும் நூல் கடையில் இல்லையென்றால் நூலகத்தில் கேட்கலாம். நாங்கள் படித்தவற்றில் பாதி அப்படிக் கிடைத்தவைதாம்.

கொல்கத்தாவை விட்டுக் கிளம்பும் வாரத்தில் மெஷோமொஷாய் ஒரு கேள்வி கேட்டார். "எங்கள் ஊரை உங்கள் மொழியில் படித்துவிட்டீர்கள். உங்கள் ஊரை நான் என் மொழியில் படிக்க வேண்டுமானால் எதைப் படிப்பது?" எங்களால் ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. இத்தனை ஆண்டுகள் தமிழ் படித்தவர்கள், தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் பிறந்தவர்கள், வாயடைத்து நின்றோம். மறுநாள் சாகித்திய அகாதெமியின் கொல்கத்தா அலுவலகத்துக்குப் போய், வங்க வெளியீடுகளின் பட்டியலை வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரவெல்லாம் பார்த்திருக்கிறார் போலும். காலையில் லாரியில் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, தமிழிலிருந்து வந்த இரண்டு நூல்களின் பெயர்களுக்குக் கீழே பென்சிலால் கோடிட்டு, பேரனிடம் பணத்தைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.