இரண்டே நாளில் ஓர் ஓட்டுச் சட்டம்!

கல்யாண வீட்டில் பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி முடிக்கவே இரண்டு நாள் ஆகும். கோடிக்கணக்கான மக்களின் ஓட்டைப் பற்றிய ஒரு சட்டம், அதே இரண்டு நாளில் பார்லிமெண்டின் இரு சபைகளையும் தாண்டிவிட்டது!

2021-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி, திங்கட்கிழமை. சட்ட மந்திரி கிரண் ரிஜிஜு, தேர்தல் சட்டத் திருத்த மசோதாவை லோக்சபையில் கொண்டுவந்தார். கூச்சலுக்கும் குழப்பத்துக்கும் நடுவே அன்றைக்கே அது நிறைவேறியது. மறுநாள் ராஜ்யசபை. எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்தார்கள். குரல் ஓட்டில் மசோதா நிறைவேறியது. அன்று விதிப் புத்தகத்தை வீசினார் என்று டெரிக் ஓ பிரையன் என்ற உறுப்பினரை, கூட்டத் தொடர் முடியும்வரை நீக்கி வைத்தார்கள். கூட்டத் தொடரோ மறுநாளே முடிந்துவிட்டது!

மசோதாவில் நல்லதே இல்லை என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஜனவரி 1-ந் தேதிக்குள் 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான் அந்த ஆண்டு ஓட்டர் பட்டியலில் இடம். ஜனவரி 2-ந் தேதி பிறந்த பிள்ளை அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் கணக்கில் வந்தது.

இன்னொன்று. ராணுவ வீரரோடு வசிக்கும் மனைவி, கணவரின் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம். மனைவி ராணுவ அதிகாரியாக இருந்தால், கணவருக்கு அந்த உரிமை கிடையாது! "மனைவி" என்ற சொல்லை எடுத்துவிட்டு, இருவருக்கும் பொருந்தும் சொல்லைப் போட்டார்கள். இதை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

தகராறு வேறு இடத்தில். ஓட்டர் பட்டியலோடு ஆதார் எண்ணை இணைப்பதையும் இதே மூட்டையில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

ஒரே ஆளின் பெயர் இரண்டு ஊர்களில் இருப்பதையும், போலி ஓட்டையும் ஒழிக்கவே இது என்றது அரசு. ஆதார் இருப்பிடத்துக்கு அத்தாட்சியே தவிர, குடியுரிமைக்கு அல்ல என்றது எதிர்த் தரப்பு. கமிட்டிக்கு அனுப்புங்கள் என்றும் கேட்டது. அரசு இணங்கவில்லை.

இங்கேதான் தவறு. தேர்தலில் நிற்பவர்களே தேர்தல் விதியை மாற்றுகிறார்கள். ஆட்டக்காரர் விதியை மாற்றும்போது, எதிரணியும் உட்கார்ந்து பேச இடம் வேண்டாமா? இந்த இணைப்பு வேலையை 2015 மார்ச்சிலேயே தேர்தல் கமிஷன் தொடங்கி, சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் ஆகஸ்டில் நிறுத்தியது. ஆறு ஆண்டு கிடப்பில் கிடந்த விஷயம். இன்னும் ஆறு வாரம் பேசியிருந்தால் குடிமுழுகிப் போயிராது.

கட்டாயமா, விருப்பமா?

விருப்பம்தான் என்றார் மந்திரி. சட்டமோ, "தக்க காரணத்தால்" ஆதார் தர முடியாதவரின் பெயரை நீக்கக் கூடாது என்றது. தக்க காரணம் எது? 2022 ஆகஸ்டு முதல் வந்த 6பி படிவத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எண்ணை எழுத வேண்டும். அல்லது, "என்னிடம் ஆதார் இல்லாததால் தர இயலவில்லை" என்று குறிக்க வேண்டும். ஆதார் வைத்திருந்தும் தர விரும்பாதவர் என்ன செய்வார்? அவருக்கு அந்தக் காகிதத்தில் கட்டமே இல்லை. பொய் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எண்ணைத் தர வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு தாய், அதிகாரி நீட்டும் படிவத்தைப் பார்த்து "இது விருப்பம்தானே?" என்று கேட்பாளா? பெயர் போய்விடுமோ என்ற பயத்தில் எழுதிக் கொடுத்துவிடுவாள்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஆதார் கட்டாயம் அல்ல, படிவத்தில் விளக்கமான மாறுதல் செய்வது பற்றி யோசித்து வருகிறோம் என்று 2023 செப்டம்பரில் கமிஷன் கோர்ட்டில் சொன்னது. அதற்குள் சுமார் 66 கோடியே 23 லட்சம் ஆதார் எண்கள் பதிவாகிவிட்டன.